ஆற்று வங்கி

இரவு பதினொன்றேகால்.
"நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்கிறது பெட்டி.
ஒன்பது படங்களில்
தீயணைப்புக் குழாய் உள்ளவற்றைத் தொடவேண்டும்.
சிவப்பாய், குள்ளமாய்த் தெருவோரம் நிற்குமாம்.
மேடவாக்கம் கூட்டு ரோட்டில் நான் பார்த்ததில்லை.
இருமுறை தோற்றேன்.
மூன்றாம் முறை மனுஷி என்று ஒத்துக்கொண்டார்கள்.

எட்டாம் வகுப்பு. ஆறுகளும் குடியிருப்புகளும்.
எத்தனை தளங்கள்!
ஒன்றில் பனி உருகி ஆறாகிறது,
குழந்தைகள் கையுறை போட்டிருக்கிறார்கள்.
ஒன்றில் எல்லாமே இலவசம், பதிவிறக்க மட்டும் காசு.
ஒன்று பதினான்கு நாள் சும்மா தரும்,
பதினைந்தாம் நாளை இப்போதே எழுதிக் கொடு என்று
கார்டு எண்ணைக் கேட்கும்.
கொடுத்தேன்.
காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில்
ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன்.
மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்ததும்
பாடம் கண்ணெதிரே தமிழானது,
வேகமாய், யாரிடமும் கேட்காமல்.

பெரும்பாக்கம்.
எட்டு மாடி, எட்டு மாடி, எட்டு மாடி, நடுவில் பள்ளிக்கூடம்.
புரொஜெக்டருக்கு பல்பு வரவேண்டும்,
போன ஜூனிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.
மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் அட்லஸ் கட்டு,
அதன்மேல் என் லேப்டாப்.
நாற்பத்தொரு பேர். என் போனிலிருந்து நெட், ஒன்றரை ஜிபி.

முதல் வரியை யுவஸ்ரீ படித்தாள்:
"பண்டைய மக்கள் ஆற்று வங்கிகளில் வாழ்ந்தனர்."

"மிஸ், ஆத்துல பேங்க் இருக்குமா?"
"நாமளே ஆத்தோரம்தானடா இருந்தோம், பேங்க் எங்க இருந்துச்சு?"
"இருந்துச்சே. தனபாக்கியம் அக்கா.
எங்கம்மா சீட்டு கட்டுச்சுல்ல."
வகுப்பு சிரிப்பில் இடிந்தது. நானும்தான்.
கரை என்று போர்டில் எழுதினேன்.
யாரும் அதை நோட்டில் எழுதவில்லை.
தெரிந்த வார்த்தையை எதற்கு எழுதுவது.

அந்தத் தளத்தில் ஒரு வரைபடம் உண்டு.
கீழே ஆண்டுகள், ஒரு கோடு, கோட்டில் நகரும் பொட்டு.
நதிகள் பாதை மாறுவதைக் காட்ட வைத்திருப்பார்கள்.
பொட்டை இடப்பக்கம் இழுத்தேன்.
எட்டு மாடிகள் கரைந்து சதுப்பானது பெரும்பாக்கம்.
"மேல போங்க மிஸ். இன்னும். பாலம். பாலத்துக்கு இந்தாண்ட."

கூவம் ஒரு கறுப்பு நூல்.
ஓரத்தில் தகரமும் நீலத் தார்ப்பாயும்.
டில்லிபாபு எழுந்து வந்தான்,
ஜூன் முதல் "உள்ளேன்" தவிர வேறு பேசாதவன்.
இது தொடுதிரை இல்லை என்று நான் சொல்வதற்குள்
விரலை வைத்துவிட்டான்.
"இது எங்க வீடு. இது அடிபம்பு. இங்க நாயக் கட்டுவோம்."
நாற்பது தலைகள். அடுக்கு ஆடியது.
என் வீடு, ஏ தள்ளு, என் வீடு.

யாரோ பொட்டை வலப்பக்கம் தட்டிவிட்டார்கள்.
புல்.
இடம். வீடு.
வலம். புல்.
நான்கைந்து முறை செய்தார்கள்,
சுவிட்ச் எட்டிவிட்ட குழந்தை மாதிரி.
நான் தடுக்கவில்லை.
தடுத்திருக்கலாமோ, தெரியவில்லை.

அட்சரேகை, தீர்க்கரேகை அடுத்த மாதப் பாடம்.
அன்றே நடத்தினேன்.
மூலையில் எண்கள் தெரியுதா, எழுதிக்கோங்க,
பதினாலு நாளைக்குத்தான் இந்தப் படம் என்றேன்.

கடைசியில் தளம் தேர்வு வைத்தது:
மக்கள் ஆற்று வங்கியில் குடியேறக் காரணம் என்ன?
டில்லிபாபு ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தட்டினான்:
வேலைக்கு நடந்தே போலாம்.
சிவப்புப் பெருக்கல் குறி.
சரியான விடை: விவசாயம்.
விடையைத் திருத்தும் இடத்தைத் தேடினேன்.
கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமாம்.

டேட்டா தீர்ந்தது. மணியும் அடித்தது.
"நோட்டுல எழுது" என்றேன். எழுதினான்.
சரி போட்டேன்.
அதற்குக் கீழே, பதின்மூன்று, ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.
"இது சரியா மிஸ்?"
சரிபார்க்க நெட் இல்லை.
போட்டேன்.